ஊசியின் ஏடு: பூவேலைப் பொறிகளின் கோப்பு வடிவங்கள்

பூவேலை என்பது ஊசியாலும் நூலாலும் துணியின்மீது எழுதப்படும் சித்திரம். அகராதி இவ்வளவே கூறும். ஆயின், அச்சித்திரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எவ்வாறு சென்றது, அதனை வரைந்தவர் மறைந்தபின்னும் எங்ஙனம் பிழைத்திருந்தது என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் ஊசியை விட்டு ஏட்டினிடத்தே வருதல் வேண்டும். பாட்டுக்கு ஏடு உண்டு. இசைக்குச் சுரக்குறிப்பு உண்டு. பூவேலைக்கும் அத்தகைய ஏடொன்று இருந்துவந்தது. அது முதலில் ஊசியாற் குத்திய கடதாசியாக இருந்தது. பின்னர்த் துளையிட்ட அட்டையாயிற்று. அதன்பின் துளையிட்ட நாடாவாயிற்று. இன்று கணினிக் கோப்பாக இருக்கின்றது. அக்கோப்பு வடிவங்களுள் மிகக் குறைவாகப் பேசும் ஒன்றே இன்றும் தொழிற்சாலைகளில் ஆட்சி செலுத்துகின்றது என்பதும், அது சொல்லாது விட்டவற்றை வேலை செய்வோரின் அறிவே நிரப்பி வருகின்றது என்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

இவ்வரலாற்றை யாழ்ப்பாணத்துத் தீவகத்திலிருந்து தொடங்குதற்குக் காரணம் உண்டு. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறை அமைந்த வேலணைத் தீவு லெய்டன் எனப்பட்டது. நயினாதீவு ஹார்லெம் எனவும், காரைதீவு அம்ஸ்ரடாம் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நெடுந்தீவு டெல்வ்ற் எனவும் பெயர் பெற்றன. இவற்றுட் சில தற்செயலாகவேனும் நம் பொருளோடு இயைபுடையன. லெய்டன் கம்பளித் துணிக்குப் பேர்போன நகரம்; ஹார்லெம் லினன் துணி வெளுத்தலிற் சிறந்தது; டெல்வ்ற் நீலச் சித்திரம் தீட்டிய மட்பாண்டத்தாலும் ஓட்டாலும் புகழ்கொண்டது. பெயர்கள் கடல்கடந்து வந்தன, தொழில்கள் வரவில்லை. நெடுந்தீவு ஒன்றே அயலார் நாவில் இன்றும் அந்நகரின் பெயரைச் சுமந்து நிற்கின்றது.

அந்நாட்டு ஓட்டுச் சித்திரகாரர் ஒரே உருவத்தை நூற்றுக்கணக்கான ஓடுகளிற் பிழையின்றி எழுதியது எப்படி? உருவத்தின் கோடுகள் வழியே கடதாசியில் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, அக்கடதாசியை ஓட்டின்மேல் வைத்து, கரித்தூள் கட்டிய சிறு பொட்டலத்தால் அதன்மேல் ஒற்றினர். தூள் துளைவழியே இறங்கிப் புள்ளிக்கோடாய் நின்றது. தூரிகை அப்புள்ளிகளைப் பின்தொடர்ந்தது. இதே முறையைச் சோழமண்டலக் கரையின் துணிச்சித்திரகாரரும் கையாண்டனர். 1742 இல் கேர்தூ என்னும் பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதமொன்றில் இதனை விரிவாக வருணித்துள்ளார். அத்துணிகளின் செந்நிறம் சாயவேரிலிருந்து பெறப்பட்டது. அவ்வேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்து மணற்பகுதிகளிலும் அகழப்பட்டு ஒல்லாந்தரின் வாணிகப் பொருள்களுள் ஒன்றாய் விளங்கியது. காலிப் பகுதியில் இன்றும் பின்னப்படும் பீரலு என்னும் நூற்பின்னலும் குத்திய கடதாசியை மெத்தைமீது இட்டு, துளைதோறும் குண்டூசி நாட்டி அமைப்பதேயாம். ஆகவே, துளையே உருவத்தின் நினைவு என்னும் கருத்து பொறிக்காலத்துக்கு நெடுநாள் முந்தியது.

இவ்விடத்து நம்மவர் ஏட்டுச்சுவடியை நினைத்தல் பொருந்தும். பனையோலையில் எழுதியோர் துளைக்கு அஞ்சினர். எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியை இடாது விட்டனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒருருவாய் மயங்கின. படிப்போன் இடம் நோக்கி அறிந்துகொள்வான் என்பதே எழுதுவோனின் நம்பிக்கை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது பட்ட இடர்களுட் பல, ஏடு சொல்லாது விட்டதைச் சொல்லுவிக்க முயன்றதால் நேர்ந்தனவே. ஏடு பொய் சொல்லவில்லை, குறைத்துச் சொன்னது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க. கீழே கூறப்போகும் கோப்பு வடிவத்துக்கும் இது முற்றும் பொருந்தும்.

யாழ்ப்பாணத்திற் பூவேலை பாடமாகக் கற்பிக்கப்பட்டது மிசனரிமார் காலத்திலாகும். 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிசன் நிறுவிய மகளிர் விடுதிப் பாடசாலையிலும், 1862 இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியரின் மடங்களிலும் எழுத்தோடு தையலும் பயிற்றப்பட்டது. சிங்கர் நிறுவனம் 1877 இல் இலங்கையில் வாணிகம் தொடங்கியபின் கையாற் சுழற்றும் தையற்பொறி மெல்ல மெல்ல வீடுகளிற் புகுந்தது. ஆயின் அப்பொறிக்கு நினைவு இல்லை. துணியை வளைத்துத் திருப்பும் கையே நினைவாயிருந்தது.

பொறிக்கு நினைவைக் கொடுத்தவர் நெசவுத் தொழிலார். பிரான்சில் லியோன் நகரத்துப் பூசோன் 1725 இல் துளையிட்ட கடதாசிச் சுருளாலும், அவருக்குப்பின் பல்கோன் அட்டைகளாலும் தறியின் இழைகளை ஆள முயன்றனர். 1804 அளவில் ஜக்கார்ட் அதனை நிறைவேற்றினார். அட்டையில் துளை உள்ள இடத்து இழை உயரும், இல்லாவிடத்துத் தாழும். குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு ஆனித் திருவிழாவிற் பட்டு அணிவிக்கச் செல்வோர் கையிலுள்ள காஞ்சிபுரச் சேலையின் கரையை நோக்கினால், அங்குள்ள மயிலும் யாளியும் அத்தகைய அட்டையின் ஆணைப்படி எழுந்தவையாகவே பெரும்பாலும் இருக்கும்.

தறியில் இழை மேலும் கீழும் மட்டுமே செல்லும். பூவேலையிலோ ஊசி எத்திசையிலும் எத்துணைத் தூரமும் போகவேண்டும். இதனாற் பூவேலைப் பொறி பிந்தியே அமைந்தது. 1828 இல் முல்கவுஸ் நகரத்து யோசுவா ஹைல்மான் அமைத்த பொறியில், தொழிலாளி பெரிதாக்கி வரைந்த படத்தின்மேல் ஒரு கூர்முனையைத் தையல் தையலாக நகர்த்த, நெம்புகோல்களின் வழியே துணி அதே விகிதத்திற் சிறிதாக நகர்ந்தது. ஊசிகள் பல ஒருங்கே குத்தின. 1863 இற் சுவிற்சர்லாந்தில் ஈசாக் குரோப்ளி என்பவர் ஓயாத நூலும் ஓடமும் கொண்ட வேறொரு பொறியை உருவாக்கினார். அதன் ஓடம் படகின் உருவமுடையதாதலால் அந்நாட்டார் தம் மொழியிற் ‘சிறு தோணி’ எனப் பொருள்படும் ஷிஃப்லி என்னும் பெயரை அப்பொறிக்கு இட்டனர். தமிழரும் தறியின் நாடாவை ஓடம் என்றே வழங்கினர். கடலே இல்லாத மலைநாட்டாரும் கடல்சூழ்ந்த நாட்டாரும் ஒரே உவமையைக் கண்டமை வியப்பே.

குரோப்ளியின் மகன் 1898 இல் அட்டையின் ஆணைப்படி தானே இயங்கும் ஷிஃப்லிப் பொறியை அமைத்தார். இதனாற் புதியதொரு தொழிலாளி தோன்றினான். படத்தை ஆறுமடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு தையலும் எங்கே தொடங்கி எங்கே முடியும் எனத் தீர்மானித்து, அதனைத் துளையாக அட்டையிற் பதிப்பவன் அவன். துளையிடுவோன் என்னும் பொருள்பட அவனை ஆங்கிலத்திற் பஞ்சர் என்றனர். துளையே இல்லாத இக்காலத்தும் கணினித் திரையின்முன் அமர்ந்து பூவேலை அமைப்போரை அத்தொழிலில் முதிர்ந்தோர் அப்பெயராலேயே அழைப்பதுண்டு. பஞ்சர் படத்தை மட்டும் அறிந்தாற் போதாது. நூலின் இழுவையையும், துணியின் சுருக்கத்தையும், எந்தப் பகுதி முதலில் நிரம்பவேண்டும் என்பதையும் அறிதல் வேண்டும். வட்டத்தை வட்டமாகக் குத்தினால் துணி இழுபட்டு அது நீள்வட்டமாய் முடியும்; எனவே அவன் அதனை வேண்டுமென்றே சற்று அகலமாக்கிக் குத்துவான். அந்த அறிவு அட்டையில் எங்கும் எழுதப்படவில்லை. விளைவு மாத்திரமே துளைகளாய் நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தொழிலின் தலைமை யப்பானுக்கு மாறியது. நகோயா நகரில் 1944 இல் நிறுவப்பட்ட தஜிமா, 1964 இற் பலதலைகள் கொண்ட தானியங்கிப் பூவேலைப் பொறியை வெளியிட்டது. அதனோடொத்த காலத்திற் பருடான் முதலிய நிறுவனங்களும் வளர்ந்தன. அமெரிக்காவில் 1972 இல் மெல்கோ தோன்றியது. அட்டையின் இடத்தைத் தந்தி நிலையங்களில் வழங்கிய கடதாசி நாடா பெற்றது. நாடாவின் ஒவ்வொரு குறுக்குவரிசையிலும் எட்டு இடங்கள். ஓரிடத்தில் துளை இருக்கலாம், அல்லது இல்லாதிருக்கலாம். கணினி நூலார் இவ்வெட்டிடத் தொகுதியைப் பைட்டு என்பர். நாடா வழக்கொழிந்து காந்தத் தட்டு வந்தபோது, அதே வரிசைகள் அப்படியே தட்டில் எழுதப்பட்டன. இவ்வாறு பிறந்ததே தஜிமாவின் டி.எஸ்.ரீ. என்னும் கோப்பு வடிவம்.

அதன் அமைப்பு கணித மாணவர்க்குப் பெருவிருந்தாகும். கோப்பின் தலைப்பகுதி 512 பைட்டு. அதிற் பூவேலையின் பெயர் பதினாறு எழுத்துக்குள் அடங்கவேண்டும்; அடுத்துத் தையல்களின் தொகை, நிறமாற்றங்களின் தொகை, தொடக்கப் புள்ளியிலிருந்து நாற்றிசையிலும் உருவம் பரவும் அளவு என்பன வரும்; எஞ்சிய இடம் வெற்றிடமாய் நிரப்பப்படும். அதன்பின் ஒரு தையலுக்கு மூன்று பைட்டு, அதாவது இருபத்துநான்கு இடங்கள். ஊசி முன்னிருந்த இடத்திலிருந்து குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு நகரவேண்டும் என்பதே அங்கு எழுதப்படுவது. அலகு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்று.

இத்தூரத்தை எழுதும் முறை நம் கடைத்தெருவின் தட்டுத் தராசை ஒத்தது. 1, 3, 9, 27, 81 என ஐந்து படிக்கற்கள் உள எனக் கொள்வோம். கல்லைப் பொருளுக்கு எதிர்த்தட்டிலும் வைக்கலாம், பொருளிருக்கும் தட்டிலும் வைக்கலாம், வையாதும் விடலாம். அவ்வாறாயின் 1 முதல் 121 வரை எல்லா நிறையையும் நிறுக்கலாம். இப்புதிரை நான்கு கற்களோடும் 40 என்னும் எல்லையோடும் பாஷே என்னும் பிரெஞ்சுக் கணிதர் 1612 இல் வெளியிட்ட நூலிற் காணலாம். டி.எஸ்.ரீ. கோப்பு ஐந்து கற்களைக் கொண்டது. ஊசி ஐந்து மில்லிமீற்றர், அதாவது 50 அலகு, வலப்புறம் நகரவேண்டுமாயின், 81 ஐக் கூட்டலாகவும், 27, 3, 1 ஆகியவற்றைக் கழித்தலாகவும் குறித்தாற் போதும். 9 வெறுமையாய் நிற்கும். ஒவ்வொரு கல்லுக்கும் கூட்டற்கு ஓரிடமும் கழித்தற்கு ஓரிடமுமாக இரண்டு இடங்கள். குறுக்குக்கும் நெடுக்குக்கும் சேர்த்து இருபது இடங்கள் இங்ஙனம் செலவாகும். எஞ்சிய நான்கில் இரண்டு எப்பொழுதும் நிரப்பியே வைக்கப்படும். மற்றை இரண்டும் ‘குத்தாது தாவு’, ‘நிறம் மாற்ற நில்’ என்னும் ஆணைகளுக்கு உரியன. ஒருமுறை நகரக்கூடிய பேரெல்லை 121 அலகு, அதாவது 12.1 மில்லிமீற்றர். அதற்கப்பாற் செல்ல வேண்டின் தாவல்களாகப் பிரித்தெழுதுவர்.

பதினாயிரம் தையல் கொண்ட கல்லூரி இலச்சினையொன்று இம்முறையில் ஏறக்குறைய முப்பதினாயிரம் பைட்டில் அடங்கிவிடும். இக்காலத்து நிழற்படமொன்றோடு ஒப்பிட்டால் இஃது ஒன்றுமேயன்று.

இனி, இவ்வடிவம் சொல்லாது விட்டவற்றை நோக்குவோம். ‘நிறம் மாற்ற நில்’ என்று கூறும் கோப்பு, எந்த நிறத்துக்கு மாற்றுவது என்று கூறுவதில்லை. நீலமோ பொன்னிறமோ பக்கத்தில் ஒட்டிய காகிதத்திலிருந்தோ பொறியாளின் நினைவிலிருந்தோ வரவேண்டும். நூலை வெட்டுக என்னும் ஆணையும் அதில் இல்லை. சில தாவல்கள் தொடர்ந்து வந்தால் வெட்டுவதாகக் கொள்க என்பது பொறியின் வழக்காய் அமைந்துவிட்டது. இது எழுத்திற் காணாது வழக்கிற் பொருள்கொள்ளும் ஏட்டு மரபன்றோ? புள்ளியில்லாத ஓலைக்கும் நிறமில்லாத கோப்புக்கும் இடையே முந்நூறு ஆண்டும் கடலும் கிடப்பினும், இரண்டும் வாசிப்பவனை நம்பி எழுதப்பட்டவை.

இக்குறைகளை நீக்க வந்த வடிவங்கள் பல. மெல்கோவின் ஈ.எக்ஸ்.பீ. ஒரு தையலுக்கு இரண்டு பைட்டே செலவிட்டது. சுருக்கத்தில் அது தஜிமாவையும் வென்றது. நிறத்தைக் கூறாமையில் அதனோடு ஒத்தது. வீட்டுப்பொறிகள் பெருகியபோது பிறதர் நிறுவனத்தின் பீ.ஈ.எஸ். வந்தது. அதனுள்ளே அறுபத்துநான்கு நிறங்களின் பட்டியலுக்கு ஏற்ற எண்களும், பொறியின் சிறு திரையிற் காட்டுதற்கென 48 க்கு 38 புள்ளியளவான குறும்படமும் இடம்பெற்றன. ஜனோமேயின் ஜே.ஈ.எஃப். துணியை இறுக்கும் வளையத்தின் அளவையும் குறித்தது. சிங்கர், ஹுஸ்க்வர்னா முதலியோரும் தத்தம் வடிவங்களை ஆக்கினர். ஒருவர் பொறி மற்றவர் கோப்பை வாசியாது. இதனை வளர்ச்சி என்பதிலும் வேலியடைத்தல் என்பதே தகும். வடிவங்களின் இலக்கணம் பெரும்பாலும் வெளியிடப்படவில்லை. ஆர்வலர் பலர் கோப்புகளைப் பைட்டுப் பைட்டாக ஒப்புநோக்கி அதனை உய்த்துணர்ந்தனர். சுவடி ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் உழைப்பும் இவ்வகையினதே.

ஆயினும் தொழிற்சாலைகளில் நிலைத்தது டி.எஸ்.ரீ. தான். தஜிமாப் பொறிகள் உலகெங்கும் பரவியிருந்தமையின், பிறர் தம் பொறிகளையும் அதனை வாசிக்கப் பழக்கினர். 1978 இற் கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம் திறக்கப்பட்டபின் பெருகிய இலங்கை ஆடைத்தொழிலிலும், தமிழ்நாட்டுத் திருப்பூரிலும் இவ்வடிவமே பொதுமொழியாய் வழங்குகின்றது.

மற்றொரு குறை நிறத்தினும் பெரிது. டி.எஸ்.ரீ. உருவத்தை எழுதுவதில்லை, ஊசியின் நடையை எழுதுகின்றது. ‘இது தாமரை இதழ், இதனை இவ்வளவு நெருக்கமாய் நிரப்புக’ என்னும் செய்தி அதில் இல்லை. ஆகவே அதனை இருமடங்கு பெரிதாக்கினால் இதழ் பெரிதாகும். தையலும் இருமடங்கு நீண்டு இடைவெளிவிட்டுத் துணி தெரியும். பாதியாகச் சுருக்கினால் தையல்கள் நெருங்கி நூல் அறும், ஊசி முறியும். உருவத்தையும் அதன் நிரப்பு முறையையும் தனித்தனியே வைத்திருப்பது அமைப்பாளரின் மூலக்கோப்பு. 1980 ஐ அடுத்த ஆண்டுகளிற் சிட்னி நகரத்து வில்கொம் நிறுவனம் இத்தகைய கணினி முறையை வளர்த்தெடுத்தோருள் முதன்மையானது, அதன் ஈ.எம்.பி. கோப்பு இம்மூலத்தைச் சேமிப்பது. அம்மூலம் அமைப்பாளரிடமே தங்கும். வாடிக்கையாளர் கைக்கு வழக்கமாக வருவது டி.எஸ்.ரீ. மாத்திரம்.

இவ்வேற்றுமை தீவகத்தாருக்கு ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 1990 இற் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர். அவர்தம் பாடசாலைகளின் பழைய மாணவர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சங்கம் அமைத்து வாழ்கின்றனர். ஒன்றுகூடலுக்கும் விளையாட்டுக்கும் அணியும் சட்டைகளிற் கல்லூரி இலச்சினையைப் பூவேலையாய்ப் பொறிப்பிக்கின்றனர். சட்டையின் மார்புக்கென ஒரு நகரில் அமைத்த கோப்பு இன்னொரு நகருக்குத் தொப்பிக்காக அனுப்பப்படுகின்றது எனக் கொள்வோம். அங்குள்ள பொறியாள் அதனைச் சுருக்குகின்றார். இலச்சினையின் குறிக்கோள் வாசகத்தின் தமிழ் எழுத்துகள் முதலிற் கெடுகின்றன. புள்ளி ஒரு முடிச்சாய்த் திரளும்; சுழி அடைபடும்; ளகரமும் னகரமும் தம்முள் மயங்கும். தமிழறியாத பொறியாளுக்கு இது பிழையெனத் தோன்றாது. நிறமோ கோப்பில் இல்லை. எனவே கருநீலம் ஒரு நாட்டில் வான்நீலமாகவும் இன்னொரு நாட்டில் ஊதாவாகவும் முடியலாம். மூன்று தலைமுறை கழித்து ஒருவர் மூன்று சட்டைகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பாராயின், எது மூலம் எது பாடபேதம் என்னும் வினா எழாதிராது. அவ்வேளையில் ஊசியின் நடைமட்டும் எழுதிய கோப்பு அவருக்குச் சான்றாக நில்லாது.

தீவுகளிலேயே இப்பொறிகளை நிறுவுதற்குப் பிறிதொரு தடையும் இருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பொது மின்வலையிற் சேராது டீசல் பிறப்பாக்கிகளை நம்பியிருந்தன. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டமொன்றை இந்திய நன்கொடையோடு அங்கு அமைப்பதற்கு 2022 இல் உடன்படிக்கை ஆயிற்று. மின் நின்றால் ஊசி நடுத்தையலில் நிற்கும். எத்தனையாவது தையலில் நின்றது என்பதை நினைவிற்கொண்டு மீண்டும் அங்கிருந்து தொடரும் ஆற்றல் இக்காலப் பொறிகளுக்கு உண்டு. தையல்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் எழுதப்பட்ட கோப்பு இவ்வகையில் மாத்திரம் பேருதவி செய்கின்றது.

மூலத்தைக் காக்கும் வழி இப்பொழுது விலையின்றியும் கிடைக்கின்றது. இங்க்ஸ்ரிச் என்னும் பொதுவுரிமை மென்பொருள் பூவேலையை எஸ்.வி.ஜி. என்னும் படக்கோப்பிலேயே சேமிக்கின்றது. அது எழுத்தாலாய கோப்பு. எளிய எழுத்துத் தொகுப்பியொன்றினால் திறந்தாலும் உருவத்தின் வளைவுகளையும், அதன் நிறத்தையும், தையல்வரிசைகளின் இடைவெளி எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் வரிவரியாய் வாசிக்கலாம். பொறிக்குக் கொடுக்கும்போது அதே மென்பொருள் டி.எஸ்.ரீ. ஆக மாற்றித் தரும். அந்நேரத்தில் நிறமும் வளைவும் உதிர்ந்து, தராசின் ஐந்து கற்களாற் குறித்த தூரங்களே எஞ்சும்.